பி.பி.ஏ.வா, விஸ்காமா? சிவகாசி மாணவிக்கு ஒரு கல்வி ஆலோசகரின் பதில்

சிவகாசியிலிருந்து ஒரு மாணவி நீளமாக எழுதியிருக்கிறார். பெயரைத் தவிர்த்துவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். கணக்குப்பதிவியலில் 96 மதிப்பெண். அப்பா சிறிய ஆஃப்செட் பிரஸ் நடத்துகிறார், ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் காலண்டர் ஆல்பத்துக்கான ஜாப் ஒர்க் என்று வேலை ஓடுகிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்தே இவர் பிரஸ்ஸில் உட்கார்ந்து கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் பழகியிருக்கிறார். போன தீபாவளி சீசனில் இவர் செய்த லேபிள் ஒன்று அச்சாகிக் கடைக்குப் போயிருக்கிறது.

இவருக்கு விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல் படிக்க ஆசை. அப்பா பி.பி.ஏ. என்கிறார். "டிசைன் பண்ணப் படிப்பு எதுக்கு, அதான் உனக்கே தெரியுதே. நிர்வாகம் படிச்சா பிரஸ்ஸையும் பாத்துக்கலாம், பேங்க் பரீட்சையும் எழுதலாம்" என்பது அவர் வாதம். பெண் பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைவாளே என்ற கவலையும் அவருக்கு உண்டு. மதுரையில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. சீட்டுக்கு மாமா 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, அசல் சான்றிதழ்களையும் கொடுத்துவிட்டார். இதற்கிடையே சென்னையில் உள்ள ஒரு தனியார் மீடியா பயிற்சி நிறுவனத்தின் விளம்பரம் இவர் கண்ணில் பட்டிருக்கிறது. 'கிரியேட்டிவ் மீடியா' பட்டம், வேலைக்கு உத்தரவாதம், ஆண்டுக்கு 3 லட்சம்.

"அடுத்த மாதம் எனக்கு 18 வயதாகிறது. நானே கல்விக் கடன் வாங்கி அங்கே சேர்ந்துவிடலாமா? இல்லை, ஒரு வருடம் பி.பி.ஏ. போய்விட்டு, அப்பா மனசு மாறியதும் விஸ்காமுக்கு மாறிக்கொள்ளலாமா? ஏஐ வந்துவிட்டதால் டிசைன் படிப்பே வீண் என்று அண்ணன் சொல்கிறான், உண்மையா?" இவைதான் கேள்விகள்.

அன்புத் தங்கைக்கு,

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்ப்போம். உங்களுக்கு விஸ்காம் பொருந்தும். ஆனால் அந்தச் சென்னை நிறுவனம் வேண்டாம். அங்கே சேர்வது அல்லது பி.பி.ஏ. படிப்பது என்று இரண்டே வழிதான் மிஞ்சும் என்றால், தயங்காமல் பி.பி.ஏ.வில் சேருங்கள் என்பேன். நல்லவேளையாக, வழி அவ்வளவு குறுகிப் போகவில்லை.

விஸ்காம் பொருந்தும் என்று நான் நினைப்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திரையில் நல்ல நீலமாகத் தெரிந்த லேபிள், அச்சில் ஊதாவாக வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். திரைக்கான ஆர்.ஜி.பி. வண்ண முறையில் செய்த ஃபைலை அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றியதில் வந்த வினை அது என்று மெஷின்மேனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மெஜந்தாவைக் குறைத்து, மறுபடி பிளேட் போட்டு, ராத்திரி வரை பக்கத்தில் நின்று சரிசெய்திருக்கிறீர்கள். விஸ்காம் படிக்க வேண்டும் என்று என்னிடம் வருகிற பலர் கேமராவின் மேல், சினிமாவின் மேல் உள்ள மயக்கத்தில் வருகிறார்கள். கெட்டுப்போன வேலையைப் பக்கத்தில் நின்று சரிசெய்யும் பொறுமையை இந்த வயதிலேயே காட்டியவர்கள் குறைவு. அந்த ஒரு பத்திக்காகத்தான் இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனால் ஒன்று. விஸ்காம் என்றால் முழுக்க டிசைன் என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஓவியம், புகைப்படம், தகவல் தொடர்புக் கோட்பாடுகள், விளம்பரம், வீடியோ தயாரிப்பு, எடிட்டிங், ஊடகச் சட்டம் என்று பல துறைகளைத் தொட்டுக்கொண்டு போகிற மூன்று வருடப் படிப்பு அது. அச்சு டிசைன் அதில் ஒரு பகுதிதான். உங்களுக்கு டிசைன் மட்டுமே போதும் என்றால், சென்னை எழும்பூரிலும் கும்பகோணத்திலும் இருக்கிற அரசு கவின் கலைக் கல்லூரிகளைப் பாருங்கள். எழும்பூர்க் கல்லூரி 1850-ல் தொடங்கியது. அங்கே காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்ற பிரிவில் நான்கு வருட பி.எஃப்.ஏ. என்ற கவின் கலைப் பட்டம் உண்டு. வரையத் தெரிகிறதா என்று சோதித்துத்தான் சேர்ப்பார்கள். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியார் இடங்களோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு. உங்கள் பட்டியலில் இது இல்லவே இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். எடிட்டிங், அனிமேஷன் பக்கம் ஈர்ப்பு இருந்தால் தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தையும் பாருங்கள். அதுவும் நான்கு வருடப் பட்டம்தான். சில பிரிவுகளுக்கு இயற்பியல், வேதியியல் கேட்பார்கள், அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

அப்பா சொல்வதில் உள்ள நியாயம்

"டிசைன்தான் உனக்கே தெரியுதே" என்று அப்பா சொல்வதை நீங்கள் கோபமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் பாதி உண்மை தெரிகிறது. சாஃப்ட்வேர் உங்களுக்குத் தெரியும். அதைக் கற்பிக்க மட்டும் ஒரு கல்லூரி தேவையில்லை. உங்களுக்கு இன்னும் தெரியாதது வேறு. ஒரு எழுத்துரு ஏன் இந்த இடத்தில் பொருந்துகிறது, ஒரு பொருளை விளக்கு வைத்து எப்படிப் படம் எடுப்பது, முப்பது வினாடி விளம்பரத்துக்கு எப்படி எழுதுவது, செய்த வேலையைப் பார்ட்டி முன்னால் வைத்து எப்படிப் பேசுவது. இவற்றுக்குத்தான் ஆசிரியரும், கூடப் படிக்கிறவர்களும், மூன்று வருட நேரமும் தேவை.

அதே அளவுகோலை பி.பி.ஏ.வுக்கும் வைத்துப் பாருங்கள். மேலாண்மைக் கோட்பாடு, புள்ளியியல், மார்க்கெட்டிங், மனிதவளம், வணிகச் சட்டம் எல்லாம் நல்ல பாடங்கள்தான். ஒரு பெரிய நிறுவனத்தில் வேலைக்குப் போக அவை உதவும். ஐந்து பேர் வேலை பார்க்கிற பிரஸ்ஸை நடத்த வேண்டியது, ஒரு ரீமில் எவ்வளவு வேஸ்டேஜ் போகும், ரேட் எப்படிப் போடுவது, ஜி.எஸ்.டி. கணக்கை எப்படி முடிப்பது, கடன் நிற்கிற பார்ட்டியிடம் உறவு கெடாமல் எப்படி வசூலிப்பது என்ற அறிவு. இவற்றுக்கு உங்கள் அப்பாவைவிட நல்ல ஆசிரியர் எந்தக் கல்லூரியிலும் கிடைக்க மாட்டார். இதை அவரிடமே சொல்லுங்கள். மகிழ்ச்சி அடைவார், அதோடு யோசிக்கவும் செய்வார்.

பாதுகாப்பு பற்றிய அவர் பயத்தையும் அற்பமாக எண்ண வேண்டாம். 2024-ல் மலையாளத் திரையுலகில் பெண்கள் படும் பாலியல் தொல்லைகள் பற்றிய ஹேமா கமிட்டி அறிக்கை வெளியானபோது பெண் பிள்ளைகளைப் பெற்ற பலருக்கு அடிவயிறு கலங்கியது. ஆனால் விஸ்காம் முடித்தால் சினிமாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விளம்பர நிறுவனம், பத்திரிகை, பேக்கேஜிங் டிசைன், நிறுவனங்களின் சமூக ஊடகப் பிரிவு, கற்பித்தல் என்று பலர் போகிறார்கள். பயிற்சிக்குப் போகும் இடம் எதுவானாலும் அங்கே பாலியல் தொல்லை பற்றிய புகார்களை விசாரிக்கும் உள் புகார்க் குழு இருக்கிறதா என்று கேளுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அது இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டின் சட்டம். கல்லூரிக்கும் இது பொருந்தும்.

எந்தக் கதவு மூடும், எது மூடாது

விஸ்காம் படித்தால் பேங்க் பரீட்சை, அரசு வேலை, எம்.பி.ஏ. எல்லாம் போய்விடும் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள், நீங்களும்தான். இது தவறு. வங்கி அதிகாரித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் எல்லாவற்றுக்கும் அங்கீகாரம் பெற்ற ஏதாவது ஒரு பட்டம் போதும். எம்.பி.ஏ. படிக்க ஐ.ஐ.எம்.களுக்கான கேட் (CAT) தேர்வுக்கும் எந்தப் பட்டமானாலும் சரி, 50 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. ஆடிட்டர் ஆக நினைத்தாலும் வழி அடைவதில்லை. பட்டம் முடித்து நேரடியாக சி.ஏ. இன்டர்மீடியட்டில் சேர காமர்ஸ் பட்டதாரிகளுக்கு 55 சதவீதம், மற்றவர்களுக்கு 60 சதவீதம் என்பதுதான் வித்தியாசம்.

மூடுகிற கதவும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். எம்.காம். படித்துக் காமர்ஸ் ஆசிரியர் ஆகும் வழி விஸ்காமில் இருந்து கிடையாது. கணக்குப்பதிவியலில் 96 வாங்கியவர் நீங்கள். அந்தப் பாடம் பிடித்து வாங்கினீர்களா, மனப்பாடம் செய்து வாங்கினீர்களா என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. பிடித்து வாங்கியிருந்தால், ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். அப்படி இருந்தால் பி.பி.ஏ.வைவிட பி.காம். உங்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

எதிர்ப்பக்கமும் இதே கதைதான். பி.பி.ஏ. படித்துவிட்டு மீடியாவுக்கு வர முடியாது என்று அழுதிருக்கிறீர்கள். புனே திரைப்படக் கல்லூரியின் முதுநிலைப் படிப்புக்கோ, சென்னையில் உள்ள ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்துக்கோ எந்தப் பட்டம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். ஆமதாபாத்தில் உள்ள மைக்கா, விளம்பரத்தையும் மேலாண்மையையும் சேர்த்தே கற்பிக்கும் இடம். கடைசியில் வீட்டில் பி.பி.ஏ.தான் என்று முடிவானாலும் உங்கள் வாழ்க்கை முடிந்துவிடாது. பிரஸ்ஸில் வேலையை விடாமல் செய்து, மூன்று வருடத்தில் செய்த வேலைகளின் தொகுப்பாக ஒரு நல்ல போர்ட்ஃபோலியோவைச் சேர்த்துக்கொண்டு வரலாம்.

'அப்புறம் மாறிக்கொள்ளலாம்' என்ற கணக்கு

இது வேண்டாம். பி.பி.ஏ. முதல் வருடம் முடித்தவரை விஸ்காம் இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டுக்கும் பாடங்கள் வேறு வேறு. மறுபடி முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு வருடக் கட்டணமும் போகும், அப்பாவுக்கு உங்கள் மேல் உள்ள நம்பிக்கையும் போகும். சில கல்லூரிகளில் சேர்ந்த முதல் சில வாரங்களுக்குள் இடம் காலியாக இருந்தால் பிரிவு மாற்றித் தருவார்கள், அதை நம்பி இறங்க முடியாது.

பணம், கடன்

18 வயதானால் நீங்கள் மேஜர்தான், கையெழுத்துப் போடலாம். ஆனால் வருமானம் இல்லாத மாணவருக்கு வங்கி தனியாகக் கல்விக் கடன் தருவதில்லை. பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும். ஆகவே அப்பாவுக்குத் தெரியாமல் கடன் என்பது நடக்காது, நடக்கவும் வேண்டாம்.

அந்த நிறுவனத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மூன்று வருடத்துக்கு 9 லட்சம். விடுதி, சாப்பாடு, லேப்டாப் என்று வருடத்துக்கு இன்னொரு லட்சம் வைத்தால் மொத்தம் 12 லட்சம். பொதுவாக 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு நம் கையில் இருந்து பங்குத் தொகை போட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் வீட்டுப் பத்திரத்தையோ பிரஸ் இடத்தின் பத்திரத்தையோ வைக்க வேண்டி வரும். 12 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய் தவணை. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. என்னிடம் ஆலோசனைக்கு வந்து பிறகு டிசைன் வேலைக்குப் போனவர்களில் பலருக்கு முதல் சம்பளம் 15,000 முதல் 20,000 வரைதான். முழுச் சம்பளமும் தவணைக்கே போகும் நிலையில், பிடித்த வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்கு இருக்காது. கிடைத்த வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதுதான். மொத்தச் செலவு மூன்றரை லட்சத்துக்குள் முடிகிற கல்லூரி என்றால், முழுவதும் கடனாக இருந்தாலும் இதே கணக்கில் தவணை 5,000-க்குள் அடங்கும். உங்கள் வீட்டுக்கு நான் சொல்லும் எல்லை இதுதான்.

நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று எழுதவில்லை. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரி மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த விளம்பரத்தைப் பற்றி

பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்று அந்த விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. வேறு மாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரில் இங்கே பாடம் நடத்துகிற நிறுவனங்கள் உண்டு. இப்படி ஃபிரான்சைஸ் கொடுத்துப் பட்டம் வழங்குவதைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அனுமதிப்பதில்லை. சத்தீஸ்கரில் தொடங்கப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட தனியார் பல்கலைக்கழகங்கள் செல்லாது என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது நடுவில் மாட்டிக்கொண்டு தவித்தவர்கள் மாணவர்கள்தான். பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்டு வாங்கி, யு.ஜி.சி. இணையதளப் பட்டியலில் பாருங்கள். வேலை உத்தரவாதத்தை எந்தச் சம்பளத்துக்கு, எந்த நிறுவனத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம்.

மாமா கட்டிய முன்பணம்

பணம் கட்டியாயிற்று, இனி வழியில்லை என்று எண்ண வேண்டாம். 2018-ல் யு.ஜி.சி. வெளியிட்ட விதிப்படி, சேர்க்கைக்கான கடைசி நாளுக்கு 15 நாள் முன்பே விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம் வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். கடைசி நாளுக்கு முந்தைய 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம். கடைசி நாள் தாண்டி 15 நாள் வரை 80, அதன்பின் 30-ம் நாள் வரை 50, அப்புறம் ஒன்றும் கிடையாது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டுமே தவிர, கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. மாமாவிடம் ரசீது இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். ரசீது இல்லாமல் இடைத்தரகர் யாரிடமாவது கொடுத்திருந்தால் சிக்கல்தான்; அப்போது மாமாவையும் கூட்டிக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்கே நேரில் போங்கள். பி.பி.ஏ.விலேயே தொடர்வதானால் இன்னொன்றும் கேளுங்கள். 2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் கீழ் வந்துவிட்டது, அந்த அனுமதி கல்லூரிக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஏஐ பற்றி அண்ணன் சொன்னதற்குச் சுருக்கமாகப் பதில். வாழ்த்து அட்டை, நோட்டீஸ் அளவிலான வேலைகள் குறையும் என்பது நிஜம், நீங்களே பிரஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். அதே வேகத்தில் பில் போடுவது, கணக்கு எழுதுவது போன்ற ஆரம்பநிலை அலுவலக வேலைகளும் குறைகின்றன. பி.பி.ஏ.வுக்குப் போனால் தப்பிக்கலாம் என்பதில்லை. பார்ட்டி என்ன கேட்கிறார் என்று புரிந்துகொள்வது, மெஷினில் என்ன வரும் என்று முன்கூட்டியே அறிவது, இந்த இரண்டும் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். இரண்டிலும் நீங்கள் ஏற்கெனவே கால் வைத்துவிட்டீர்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது

தமிழ்நாட்டில் விஸ்காமுக்கு முன்னோடி சென்னை லயோலா. உங்களுக்குக் கிட்டத்தில் என்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியைப் பார்க்கலாம். மதுரையிலும் விசாரியுங்கள். பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். எத்தனை மாணவருக்கு ஒரு கேமரா, லேப் எத்தனை மணிவரை திறந்திருக்கும், போன வருடம் முடித்தவர்கள் எங்கே பயிற்சிக்குப் போனார்கள், கட்டணம் போக ப்ராஜெக்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆசிரியரைவிட மூன்றாம் வருட மாணவிகள் நேர்மையாகப் பதில் சொல்வார்கள். விடுதியையும் அவர்களிடமே கேளுங்கள். சொந்தக் கேமரா முதல் வருடமே வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லேப் ஒழுங்காக இருக்கும் கல்லூரியில் அதற்கு அவசரமில்லை.

இந்தப் பயணத்துக்கு அப்பாவையும் அழைத்துப் போங்கள். வேலை நாளாகப் பார்த்துப் போனால்தான் லேப் ஓடுவதைக் காட்ட முடியும். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு வாதாடினாலும் கிடைக்காத தெளிவு அங்கே அவருக்குக் கிடைக்கலாம். போவதற்கு முன்னால் அவரிடம் இரண்டு உறுதி கொடுங்கள். மூன்றரை லட்சத்துக்கு மேல் செலவாகும் எந்த இடத்திலும் சேர மாட்டேன் என்பது ஒன்று. தீபாவளி, காலண்டர் சீசன் விடுமுறைகளில் பிரஸ்ஸுக்கு வந்து ரேட் போடுவதையும் ஜி.எஸ்.டி. கணக்கையும் கற்றுக்கொள்வேன் என்பது இன்னொன்று. இதற்குமேலும் ஒரு வணிகப் பட்டம் வேண்டும் என்று அவர் சொன்னால், 2022 முதல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க அனுமதித்திருக்கிறது. கல்லூரியில் விஸ்காம், தொலைநிலைக் கல்வியில் பி.காம். என்று படிக்கலாம். அது கட்டாயம் என்று நான் நினைக்கவில்லை, சுமையும் அதிகம். வேண்டுமானால் முதல் வருடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஒருவேளை எல்லாவற்றையும் பார்த்த பிறகும் அவர் மறுத்தால், சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம். உங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவரையோ, அப்பா மதிக்கிற டிசைனர் ஒருவரையோ அவரிடம் பேசச் சொல்லுங்கள். சிவகாசியில் அப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். அதற்குள் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். கவின் கலைக் கல்லூரியின் விண்ணப்ப அறிவிப்பையும் கவனித்துக்கொண்டே இருங்கள். அந்தத் தேர்வுக்காகத் தினமும் ஒரு மணி நேரம் பென்சிலால் வரையத் தொடங்குங்கள், கணினி வேண்டாம்.